தோலில் தெரிவது தோலோடு முடிவதில்லை



நம் இளையர் வகுப்பில் மாதத்துக்கு ஒருவர் பாடம் எடுப்பது வழக்கம். இந்த மாதம் என் முறை. நான் பொறியியல் படிக்கிறவன், மருத்துவம் படிக்கிறவன் இல்லை. இருந்தாலும் தோலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். போன மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு தங்கை கேட்ட கேள்விதான் காரணம். "அண்ணா, பிறக்கும்போதே தோல்ல குறையோட ஒரு குழந்தை பிறந்தா, அது நாக தோஷம்னு சொல்றாங்களே, நிஜமா?"

என் பதிலில் இரண்டு பகுதி இருக்கு. ஒன்று, பரம்பரைத் தோல் கோளாறு யாருடைய பாவமும் இல்லை. இரண்டு, சில சமயம் அது தோல் சம்பந்தப்பட்டது மட்டுமும் இல்லை. காது, மூளை, இதயம், சிறுநீரகம் என்று வேறு எங்கோ இருக்கிற ஒரு கோளாறைத் தோல் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம். முதல் பகுதி தெரியாததால் குடும்பங்கள் குழந்தையை மறைத்து வைக்கின்றன. மறைத்து வைப்பதால் இரண்டாவது பகுதி டாக்டர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இந்தப் பாடத்தை எழுதுவது அதனால்தான்.

சிந்து தேசத்துக் குடும்பம்

நம்ம பக்கத்திலிருந்தே ஒரு பழைய உதாரணத்தோடு தொடங்குவோம். வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகின்றன என்று சார்லஸ் டார்வின் ஒரு பெரிய நூல் எழுதினார். 1875இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், இன்று பாகிஸ்தானில் இருக்கிற சிந்துப் பகுதியைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. வெட்டர்பர்ன் என்பவர் டார்வினுக்கு எழுதி அனுப்பிய தகவல் அது.

அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு ஒரே மாதிரியான குறை இருந்தது. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் சேர்த்து நான்கு சிறிய முன்பற்களும் எட்டுக் கடவாய்ப் பற்களும் மட்டும்தான் இருந்தன. உடம்பில் முடி மிகக் குறைவு. சின்ன வயதிலேயே தலை வழுக்கை. வெயில் காலத்தில் தோல் காய்ந்துபோய் ரொம்பவும் அவதிப்பட்டார்கள். குடும்பத்துப் பெண்களில் ஒருவருக்கும் இந்தக் குறை இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் மகன்களுக்கு வந்தது. அப்பாவிடமிருந்து நேராக மகனுக்கு வந்ததாக ஒரு சம்பவம்கூட இல்லை.

பல், முடி, வியர்வை. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத்தானே தெரிகிறது? மூன்றும் ஏன் ஒரே ஆளிடம் சேர்ந்து குறைய வேண்டும்? டார்வினிடம் இதற்கு விடை இல்லை.

அம்மாக்கள் வழியாக மகன்களுக்கு மட்டும் வருகிற வழியை 1910இல் தாமஸ் ஹண்ட் மார்கன் பழ ஈக்களை வைத்து விளக்கினார். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆண்களுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். எக்ஸில் இருக்கும் ஒரு மரபணு பழுதானால், பெண்ணிடம் இன்னொரு நல்ல எக்ஸ் துணைக்கு இருக்கும். ஆணிடம் மாற்று கிடையாது. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் மட்டும்தான். அதனால் அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகாது. நான்கு தலைமுறைக் கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள்.

பழுதான அந்த மரபணுவை 1996இல் கண்டுபிடித்தார்கள். பெயர் ஈடிஏ. அது உருவாக்கும் எக்டோடிஸ்ப்ளாசின் என்ற புரதம் ஒரு தகவல் மாதிரி வேலை செய்கிறது. கருவில் தோல் உருவாகும்போது, "இந்த இடத்தில் ஒரு முடி, இங்கே ஒரு பல், இங்கே ஒரு வியர்வைச் சுரப்பி" என்று சொல்வது அதன் வேலை. தகவல் போகாவிட்டால் மூன்றும் முளைப்பதில்லை. கண்ணீர்ச் சுரப்பிகளும், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயை ஈரமாக வைக்கும் சுரப்பிகளும்கூடக் குறைந்துவிடும். அதனால் கண் காய்வதும், அடிக்கடி நெஞ்சில் சளி கட்டுவதும் இதோடு சேர்ந்தே வருகின்றன. இன்று இதற்கு எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா என்று பெயர்.

வியர்க்காவிட்டால் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றலாம். நான் படிக்கிற பாஷையில் சொல்கிறேன். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். நம்மிடம் இருக்கிற குளிரூட்டும் இயந்திரமே அதுதான். அந்த இயந்திரம் இல்லாத ஒரு பையனை, ஈசூனில் மதியம் இரண்டு மணிக்குப் பள்ளித் திடலைச் சுற்றி ஓடச் சொன்னால் என்ன ஆகும்? உடல்சூடு ஏறிக்கொண்டே போகும், இறங்க வழியே இருக்காது. கைக்குழந்தைக்குக் காரணமே தெரியாமல் காய்ச்சல் வந்துகொண்டே இருக்கும். பற்கள் தாமதமாகக் கூர்முனையோடு முளைக்கிற, முடி மெலிந்த, வெயிலில் துவண்டுவிடுகிற பையனை "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன்னால் இதை யோசித்துப் பாருங்கள். காரணம் தெரிந்துவிட்டால் ஈர பனியன், தண்ணீர் தெளிப்பான், நிழல், குளிர்சாதனம் என்று எளிய வழிகளிலேயே அவனைப் பாதுகாக்கலாம்.

இந்தக் கதைக்கு ஒரு நல்ல திருப்பமும் உண்டு. 2018இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இந்தக் குறையோடு கருவில் இருந்த மூன்று ஆண் குழந்தைகளுக்கு, அதில் இருவர் இரட்டையர், இல்லாமல் போன அந்தப் புரதத்தைப் பிறப்பதற்கு முன்பே பனிக்குட நீரில் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். பிறந்த பிறகு மூவருக்கும் வியர்த்தது.

ஏன் ஒன்றோடு ஒன்று?

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அது மூன்று அடுக்காகப் பிரிகிறது. புற அடுக்கு, நடு அடுக்கு, அக அடுக்கு. புற அடுக்கிலிருந்துதான் மேல்தோல், முடி, நகம், வியர்வைச் சுரப்பி, பல்லின் எனாமல் எல்லாம் வருகின்றன. அதே அடுக்கிலிருந்துதான் மூளையும், தண்டுவடமும், கண்ணின் விழித்திரையும், உட்செவியும் வருகின்றன. தோலும் மூளையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரே மரபணுவை உடம்பு பல இடங்களில் பயன்படுத்துவது.

நம்ம வீவக வீட்டில் குளியலறைக் கூரையில் ஈரக் கறை தெரிந்தால் என்ன செய்வோம்? வெறும் சுண்ணாம்பு அடித்து மறைப்போமா? மேல் வீட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்லுவோம். கறை இருக்கிற இடம் வேறு, கசிவு இருக்கிற இடம் வேறு. கீழே வரும் மூன்று உதாரணங்களையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பூனைக்கண்ணும் காதும்

பிறக்கும்போதே நெற்றிக்கு மேலே ஒரு கொத்து வெள்ளை முடி, வெளிர் நீலக் கண், அல்லது ஒரு கண் நீலம் ஒரு கண் பழுப்பு. நம்ம ஊர்க்காரர்கள் "பூனைக்கண்ணு, அதிர்ஷ்டம்" என்று கொஞ்சுவார்கள். 1951இல் வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் மருத்துவர், இப்படிப் பிறந்தவர்களில் பலருக்குக் காது கேட்காததையும் சேர்த்து ஒரே கோளாறாக விவரித்தார்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு? தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் செல்கள் கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பயணம் போகின்றன. அவற்றில் சில உட்செவியிலும் போய் உட்காருகின்றன. அங்கே அவற்றுக்கு நிறம் கொடுக்கும் வேலை இல்லை. காது கேட்கத் தேவையான உப்புச் சமநிலையைக் காப்பதுதான் வேலை. அவை போய்ச் சேராவிட்டால் முடி வெளுக்கும், காதும் கேட்காது. இதில் ஒரு வகையில் குடல் நரம்புகளும் போய்ச் சேராமல், குழந்தைக்கு மலம் கழிவதே தடைப்படும்.

சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் சோதனை செய்கிறார்கள். பாட்டி ஊரிலோ வேறு நாட்டிலோ பிறந்த குழந்தை என்றால், செய்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காது கேட்காததை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கருவியாலோ சைகை மொழியாலோ குழந்தைக்கு மொழி வந்துவிடும்.

வெளிறிய இலைப் புள்ளிகள்

இது கொஞ்சம் அவசரமான பாடம். ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு கோளாறு. ஏறக்குறைய 6,000 பிறப்புக்கு ஒன்று. ஒரு முனை உருண்டு மறுமுனை கூர்ந்த இலை வடிவத்தில் வெளிறிய புள்ளிகள் பெரும்பாலும் பிறக்கும்போதே இருக்கும். மாநிறக் குழந்தைக்குச் சும்மா பார்த்தாலே தெரியும். சிவந்த குழந்தைக்குப் புற ஊதா விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். வீட்டில் என்ன சொல்லுவாங்க? "தேமல்தான், மஞ்சள் பூசு."

இதே கோளாறில் மூளையில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கலாம், அவற்றால் வலிப்பு வரலாம். இதயத்தில் கட்டி இருக்கலாம், அது பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தில் கட்டிகள் வரலாம். செல்லின் வளர்ச்சிக்குப் பிரேக் போடும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாவதுதான் இதற்குக் காரணம். ஒன்றை 1993இலும் மற்றொன்றை 1997இலும் கண்டுபிடித்தார்கள். பிரேக் எது என்று தெரிந்த பிறகு, எவெரோலிமஸ் என்ற மருந்தால் சில கட்டிகளைச் சுருக்கவும் முடிந்தது.

ஈசூனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. கைக்குழந்தைக்கு நான்கு வெளிறிய புள்ளிகள் இருந்தன. ஐந்தாம் மாதம், தூங்கி எழும்போதெல்லாம் தலையைக் குனிந்து இரண்டு கையையும் யாரையோ கட்டிப்பிடிப்பதுபோல மடக்கியது. சில நொடிதான். ஆனால் வரிசையாகப் பத்து, பதினைந்து முறை. "தூக்கத்துல திடுக்கிடுது, துன்னூறு பூசு" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். அந்தம்மா திருநீறும் பூசினாங்க, கைப்பேசியில் வீடியோவும் எடுத்தாங்க. வீடியோவையும் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் அன்றைக்கே குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தார். அது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு. தாமதிக்கத் தாமதிக்க மூளையின் வளர்ச்சி பாதிக்கப்படும். குழந்தைக்கு உடனே மருந்து தொடங்கினார்கள்.

ஒன்று, இரண்டு வெளிறிய புள்ளி ஆரோக்கியமான குழந்தைக்கும் இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் காட்டுங்கள். அதேபோல, பால் காப்பி நிறத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிய தட்டைப் புள்ளிகள் ஆறு அல்லது அதற்கு மேல் ஒரு சிறுபிள்ளையிடம் இருந்தாலும் காட்டுங்கள். அது நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற வேறொரு கோளாறின் அடையாளமாக இருக்கலாம். அதில் கண் நரம்பையும், எலும்பையும், ரத்த அழுத்தத்தையும் கவனித்துவர வேண்டும்.

உள்ளங்கையும் இதயமும்

கிரேக்க நாட்டில் நாக்சோஸ் என்று ஒரு தீவு. அங்கே சில குடும்பங்களில் குழந்தைகள் கம்பளி மாதிரிச் சுருண்ட முடியோடு பிறந்தார்கள். கைகால்களை ஊன்றத் தொடங்கியதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போயின. வாலிப வயதில் இதயத் துடிப்பு தாறுமாறானது. சிலர் திடீரென்று இறந்துபோனார்கள். 1986இல் மருத்துவர்கள் மூன்றையும் ஒரே நோயாகச் சேர்த்து எழுதினார்கள். 2000இல் காரணமான மரபணு தெரிந்தது.

தோல் செல்களையும் இதயத் தசைச் செல்களையும் பக்கத்துச் செல்லோடு இறுக்கிப் பிடித்து வைக்கிற போல்ட் போன்ற அமைப்பு ஒன்று உண்டு. இரண்டு இடத்திலும் அதே போல்ட்தான். ஓயாமல் அழுத்தம் வாங்குகிற உள்ளங்கையிலும், ஓயாமல் துடிக்கிற இதயத்திலும்தான் அந்தப் பலவீனம் வெளியே தெரிகிறது. இந்தியாவிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சுருட்டை முடி மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. ஜிம்முக்குப் போய் கை காய்த்தாலும் ஒன்றுமில்லை. சிறுவயதிலிருந்தே மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

யார் குற்றம்?

"கிரகணத்தன்னைக்கு வெளியே போனாளாம்." "பாம்பை அடிச்ச குடும்பமாம்." கடைசியில் பழி அம்மா தலையில்தான் விழும். உண்மையான கணக்கைப் பார்ப்போம்.

ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அது அப்பா அம்மா யாரிடமிருந்தும் வரவில்லை. அந்தக் குழந்தையிடம்தான் புதிதாகத் தோன்றியது. பெற்றோர் எதையும் செய்ததால் வரவில்லை, எதையாவது செய்து தடுத்திருக்கவும் முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாக்சோஸ் மாதிரி நோயில் கணக்கு வேறு. அப்பா, அம்மா இருவருமே ஆரோக்கியமாக இருந்து, இருவரிடமும் அதே பழுதான பிரதி ஒன்று இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் தாயம் புதிதாகத்தான் உருள்கிறது.

இங்கே நம் வழக்கம் ஒன்றையும் நேராகப் பேச வேண்டும். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கைப் பகிர்கிறார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒரே பழுதான பிரதி இருவரிடமும் இருக்கிற வாய்ப்பு கூடுகிறது. இது நம் பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. சொந்தத்தில் பேச்சு நடக்கிறது, குடும்பத்தில் இப்படி ஒரு நோயும் இருக்கிறது என்றால், ஜாதகத்தோடு மரபியல் ஆலோசனையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தோஷம் பற்றிக் கேட்ட தங்கைக்கு அஷ்டாவக்கிரர் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். எட்டுக் கோணலான உடம்போடு ஜனகர் சபைக்குள் நுழைந்த சிறுவனைப் பார்த்துப் பண்டிதர்கள் சிரித்தார்கள். தோலைப் பார்த்து மனிதனை அளக்கிறவர்களா இந்தச் சபையில் இருப்பவர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதாகக் கதை சொல்வார்கள். கர்மா என்ற சொல் நம் சொந்தச் செயலை எடைபோட உதவட்டும். அடுத்த வீட்டுக் குழந்தையின் முதுகைப் பார்த்துத் தீர்ப்பு எழுத அதை எடுக்க வேண்டாம்.

ஈசூனிலிருந்து என்ன செய்யலாம்?

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் அர்ச்சனை செய்யுங்கள். அதே வாரம் ஈசூன் பலதுறை மருந்தகத்துக்கும் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து மண்டலே ரோட்டில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். நொவீனா வரை ரயில் மாறாமலே போகலாம். சிறுபிள்ளை என்றால் தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு அனுப்பலாம். அங்கே மரபியல் பிரிவும் இருக்கிறது. ஆனால் வரிசையாக வலிப்பு, மயக்கம், இறங்காத காய்ச்சல் என்றால் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். மூன்று தலைமுறையை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை இருந்தவருக்கு உள்ளே கறுப்பு. தோலோடு நிறுத்தாதீர்கள். பல் முளைக்காதவர், காது கேட்காதவர், வலிப்பு வந்தவர், இளவயதில் திடீரென்று இறந்தவர், எல்லாரையும் குறியுங்கள். இந்த வேலைக்கு நம்ம வயதுக்காரர்கள்தான் சரி. ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். பாட்டி தாத்தா இருக்கும்போதே கேளுங்கள். சிந்துக் குடும்பத்தில் நான்கு தலைமுறையை யாரோ பொறுமையாக எண்ணியதால்தான் அம்மா வழியாக வருகிறது என்ற உண்மை பதிவானது.

கலந்துரையாட

1. சிந்துக் குடும்பத்தில் குறை உள்ள ஓர் ஆணின் மகள்களுக்கு அந்த மரபணு போகுமா? மகன்களுக்கு? படம் வரைந்து விளக்குங்கள்.

2. வெயிலில் துவண்டுவிடும் வகுப்புத் தோழனுக்காக உங்கள் ஆசிரியரிடம் என்ன பேசுவீர்கள்?

3. தோலில் குறை உள்ள குழந்தையோடு ஒரு குடும்பம் நம் ஞாயிறு வகுப்புக்கு வருகிறது. மற்ற பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்கள். "தொட்டா ஒட்டுமா?" என்று ஒரு தம்பி கேட்கிறான். மரபணுக் கோளாறு தொட்டால் ஒட்டாது என்பதை அவனுக்குப் புரியும் விதத்தில் இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு யார் முதலில் எழுந்து அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்காருவது என்றும் முடிவு செய்யுங்கள்.